ஹீரோ இல்லை, கதை இல்லை… ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் ஏன் முக்கியம்?

தமிழில் பாட்டு என்றாலே சினிமா பாட்டுதான். சேலம் டீக்கடையிலும் நாமக்கல் லாரியிலும் ஓடுவது அதுதான். படமே இல்லாமல் வரும் பாட்டை யார் கேட்பாங்க? பக்கத்துக் கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவாவோடு சேர்ந்து 2012-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் இயங்கும் இவர்களின் முதல் ஆல்பம் ‘ஹிப்ஹாப் தமிழன்’.

எப்படிச் சாத்தியமானது?

தமிழ் ராப் இவர்களோடு தொடங்கவில்லை. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006-லேயே ‘வல்லவன்’ ஆல்பம் தந்தது. ஆதி, ஜீவாவுக்குக் கைகொடுத்தது யூடியூப். ஆல்பத்துக்கு முன்பே ‘கிளப்புல மப்புல’ வைரல். பெண்களை மட்டம் தட்டுகிறது என்ற விமர்சனமும் வந்தது. ஆக, கூட்டம் முதலில் சேர்ந்தது, ஆல்பம் அப்புறம்தான்.

உரிமை யாருக்கு?

சினிமா பாட்டில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளருக்கோ ஆடியோ நிறுவனத்துக்கோ போய்விடும். தனிப் பாட்டில், எழுதிக் கொடுக்காதவரை, உரிமை படைத்தவருக்கே. அதே 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும் சினிமா பாட்டுக்கும் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி பங்கை இனி தயாரிப்பாளரோ ஆடியோ நிறுவனமோ எழுதி வாங்க முடியாது.

அப்புறம்?

2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசை. 2017-ல் ஆதியே இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’. கடைசியில் சினிமாதான். ஆனால், அழைப்புக்காகக் கோடம்பாக்கத்தில் காத்திருக்கவில்லை. இன்று ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ செல்போனில் பாட்டு பதிவு செய்பவருக்கும் அந்த வழி உண்டு. ஒன்று மட்டும்: கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுசா படிச்சுடுங்க.