விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்தில் லினக்சும் வரட்டும்

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு தவணை கொடுத்தது. விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அது எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும்.

பிள்ளையின் படிப்புக்காக 2015, 2016 வாக்கில் வாங்கிய மடிக்கணினி பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் கோளாறு இல்லை, விசைப்பலகையும் தேயவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? அந்தச் செலவுக்கு முன் ஒரு வார இறுதியை ஒதுக்கி லினக்சை முயன்று பார்க்கலாம். விண்டோசை அழிக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணினியில், ஒரே ஹார்ட் டிஸ்கில், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போல் இருக்கும்.

லினக்ஸ் 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 21. இன்று இணையத்தின் பெரும்பகுதி அதன்மீதுதான் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் அதுவே. ஆகவே, “லினக்ஸ் நமக்குப் பழக்கமில்லையே” என்பவரும் பல ஆண்டுகளாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவராக இருக்கலாம்.

லினக்சுக்குப் பல வடிவங்கள் உண்டு. எது சிறந்தது என்ற சண்டை ஓயாது. அதில் நீங்கள் தலையிட வேண்டாம். விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மிண்ட் ஏற்றது என்பது என் கருத்து. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். இன்னொரு நல்ல தேர்வு உபுண்டு. ஆனால், அதன் அண்மைய பதிப்புகள் கூடுதல் ரேம் கேட்கும்.

நிறுவுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் லினக்சின் பெரிய வசதி. மிண்ட்டின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுத வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், எனவே காலியான ஒன்றை எடுங்கள். அதைச் செருகிக் கணினியை முடுக்கும்போது எஃப்12 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில நிறுவனங்களின் கணினிகளில் அது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். பென் டிரைவைத் தேர்ந்தால் சில நிமிடங்களில் லினக்ஸ் திரை வந்துவிடும். நீங்களாக நிறுவச் சொல்லாதவரை ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும்.

இந்த ஒத்திகைக்கு அரை மணி நேரம் போதாது, ஒரு மாலைப் பொழுதையே கொடுங்கள். வைஃபை இணைகிறதா? ஒலி வருகிறதா? வீடியோ அழைப்புக்குக் கேமரா வேலை செய்கிறதா? வீட்டு அச்சுப்பொறி அச்சிடுகிறதா? மூடியை மூடித் திறந்தால் கணினி ஒழுங்காக விழிக்கிறதா? இவற்றில் வைஃபைதான் சில கணினிகளில் முரண்டு பிடிக்கும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் வழி இணையம் பெற்று, தேவையான இயக்கியை இறக்கினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் பென் டிரைவை உருவிவிடுங்கள். நட்டம் ஒன்றுமில்லை.

எல்லாம் சரி, நிறுவலாம் என்று முடிவெடுத்தால் முதல் வேலை லினக்ஸ் அல்ல, படங்கள். அக்காள் திருமணம், தாத்தாவின் கடைசித் தீபாவளி, பிள்ளையின் எஸ்பிஎம் குறிப்புகள் என எல்லாமே அந்த ஒரே கணினியில் இருக்கும். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பிறகே அடுத்த அடி. கடைக்காரரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் இதை நீங்களே முடித்துவிட்டுக் கொடுங்கள். சில கடைகளில் எல்லா நோய்க்கும் ‘ஃபார்மட்’ என்ற ஒரே மருந்துதான் உண்டு.

அடுத்தது பிட்லாக்கர். சில மடிக்கணினிகளில் இந்தப் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கும். தொடக்க முறையில் மாற்றம் கண்டால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளைக் கடைக்காரராலும் எடுத்துத்தர முடியாது. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளில் இந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அதன் கோப்புகளில் லினக்சால் மாற்றம் செய்ய முடியாது.

இடம் ஒதுக்குவதை விண்டோசிடமே விடுவது நல்லது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபி காலியிடம் உண்டாக்குங்கள். மிண்ட் 20 ஜிபியிலும் அடங்கும், ஆனால் நெருக்கடியாக இருக்கும். பிறகு பென் டிரைவிலிருந்து நிறுவலைத் தொடங்கினால் ஒரு கட்டத்தில் இரண்டு வாய்ப்புகள் வரும். ஒன்று, விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவுவது. மற்றொன்று, டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவது. ‘இரேஸ்’ என்ற சொல் இருக்கும் வரியைத் தொடாதீர்கள். இந்த ஒரு திரையில் மட்டும் அவசரம் கூடாது. பக்கத்தில் நிறுவும் வாய்ப்பே தெரியவில்லை என்றால், ஊகித்து எதையும் அழுத்தாமல் வெளியே வந்து, விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

அதன்பின் கணினியை முடுக்கும்போதெல்லாம் ஒரு பட்டியல் வரும்: லினக்சா, விண்டோசா? ஒரு சிறு வேடிக்கையும் நடக்கலாம். லினக்சிலிருந்து விண்டோசுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்தங்கி நிற்கும். கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோசோ அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னே இருப்பதால் இந்தக் குழப்பம். உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்சில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

இனி யாருக்கு எந்த வேலை? வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் கூகுள் கிளாஸ்ரூம் என இணையம் தொட்ட எல்லாமே லினக்சுக்குப் போகட்டும். புதுப்பிப்பு நின்றுபோன விண்டோசை இணையத்தில் உலவ விடாமல், அதனால் மட்டுமே முடியும் வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. அலுவலகத்தில் மேக்ரோ நிறைந்த எக்செல் தாள்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு லிப்ரே ஆபிஸ் முழு மாற்று ஆகாது. ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. இணையத் தேர்வுகளுக்குப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் பூட்டு உலாவிகள் சில லினக்சில் இயங்குவதில்லை. மாணவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வாலரன்ட் விளையாடும் தம்பிகளுக்கும் ஏமாற்றமே, அதன் காவல் மென்பொருள் லினக்சை ஏற்பதில்லை.

தமிழ் எழுதுவதில் சிக்கல் இல்லை. ஐபஸ், எம்17என் என்ற இலவசத் தொகுப்புகளைச் சேர்த்தால் தமிழ்99 விசைமுகமும், ஆங்கில எழுத்துகளால் ஒலிக்கேற்பத் தட்டும் முறையும் கிடைக்கும். முரசு அஞ்சலில் பழகியவர்களுக்கு ஒலிமுறையில் சில விசைகள் மாறியிருக்கும், இரண்டொரு நாளில் விரல் பழகிவிடும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய கோயில் அறிக்கைகளும் சங்கக் கடிதங்களும் முதலில் புரியாத குறிகளாகத் தெரியலாம். விண்டோசில் இருக்கும் அந்த எழுத்துருக் கோப்பை லினக்சுக்கு நகல் எடுத்தால் படிக்க முடியும்.

இரண்டு மாதம் பார்த்தும் ஒத்துவரவில்லையா? எடுத்துவிடலாம், ஆனால் வரிசை முக்கியம். லினக்ஸ் பகுதியை நேரடியாக அழித்தால், தொடக்கப் பட்டியல் பாதியில் அறுந்து கணினி கறுப்புத் திரையில் நிற்கும். முதலில் கணினியின் தொடக்க அமைப்புக்குள் போய் விண்டோசை முதலிடத்தில் வையுங்கள். அது நேராக விண்டோசில் திறப்பதை உறுதிசெய்த பின், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை நீக்கி, காலியிடத்தைச் சி டிரைவோடு மீண்டும் சேர்த்துவிடலாம். மிகப் பழைய கணினிகளில் இந்த வசதி இருக்காது. அவற்றுக்கு விண்டோஸ் பழுதுநீக்கும் பென் டிரைவ் ஒன்றை முன்பே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.