பாகும் பதமும்

எங்கள் அகரத்து வீடுகளில் ரொட்டிக்கடைச் சூட்டடுப்பு இருந்ததில்லை. ஆவியும் எண்ணெயும் பாகுமே தாய்மார்களின் துணை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, தீபாவளிக்கு அதிரசம், கார்த்திகைக்குப் பொரி உருண்டை. மூன்றுக்கும் வெல்லமே இனிப்பு. ஆயினும் கொழுக்கட்டை மறுநாள் ஊசிப்போகிறது; அதிரசமோ பல நாள் கெடுவதில்லை. ஏன்?

வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது, சர்க்கரை செறிகிறது, கொதிநிலையும் 100 பாகை செல்சியஸைக் கடந்து ஏறுகிறது. ஏறத்தாழ 115 பாகையில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் மெத்தென உருளும். அதுவே அதிரசப் பதம். மேலும் காய்ச்சினால், உருண்ட துளியைத் தட்டில் எறிய ‘டங்’கென ஒலிக்கும், அது பொரி உருண்டைக்கு உரியது. என் அன்னையார் வெப்பமானியைக் கண்டவரல்லர். விரல் நுனியே அவருக்கு ஆய்வுக்கூடம். செறிந்த சர்க்கரை, எஞ்சிய நீரைத் தன்னோடு பிணித்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக இயலுவதில்லை. கொழுக்கட்டையின் மேல்மாவிலோ நீர் மிகுதி.

மேற்கேயுள்ள பழனியின் பஞ்சாமிர்தமும் இவ்விதிக்கு உட்பட்டதே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதில் மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் முதலியன சேரும். நீர் ஒரு துளியும் சேராது. ஈரம் குறைந்த விருப்பாச்சிப் பழமே அதற்கு ஏற்றது. அப்பழமும் நம் சிறுமலைப் பழமும் 2008இலேயே குறியீடு பெற்றன. முடிக்கொத்து நோய் அவ்வாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. திசு வளர்ப்பில் பெற்ற நோயற்ற கன்றுகளைக் கொண்டே மலைச்சரிவுகளில் அவை மீண்டும் நடப்பட்டன.