மீசை வைத்த சின்னானும் வைக்காத சின்னானும்

சின்னான் பறவையின் வால் அடியில் ரத்தச் சிவப்பு தெரிந்ததும் ‘செங்குதச் சின்னான்’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அப்படி முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகிவிடும். அந்தச் சிவப்பு செம்மீசைச் சின்னானுக்கும் உண்டு.

தலையைப் பாருங்கள். செம்மீசைச் சின்னானின் கருங்கொண்டை கூராக நிமிர்ந்து நிற்கும். கண்ணுக்குப் பின்னே சின்னதாய் ஒரு சிவப்புத் திட்டு, அதற்குக் கீழே வெள்ளைக் கன்னம், கன்னத்தின் கீழ் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. அடிவயிறு வெள்ளை. கூடு விட்டு வந்த இளம்பறவைக்குக் கன்னச் சிவப்பு இருக்காது. வெள்ளைக் கன்னத்தையும் கறுப்புக் கோட்டையும் வைத்துத்தான் அதை அடையாளம் காண வேண்டும்.

செங்குதச் சின்னானின் தலை முழுக்கக் கறுப்பு. கொண்டை குட்டை, பல நேரம் படிந்தே கிடக்கும். இறகுகளின் வெளிர் ஓரங்களால் உடம்பு செதில் செதிலாகத் தெரியும்.

முதுகு காட்டிப் பறந்தால்? வால் தொடங்கும் இடத்திலும் வால் நுனியிலும் வெள்ளை தெரிந்தால் அது செங்குதச் சின்னான். வட, கிழக்கு இந்தியச் செம்மீசைகளுக்கும் வால் நுனி வெள்ளைதான். நம் மலைகளில் உள்ள துணையினத்துக்கு அது கிடையாது. வடக்கத்திப் பறவையைப் படமாகப் போட்ட புத்தகத்தை நம்பினால் இங்கே குழப்பம்தான் மிஞ்சும்.

சமவெளி வீட்டுத்தோட்டம், முள்காடு, ஊர் ஓரம் எல்லாம் செங்குதச் சின்னானின் ஆட்சி. ஈரமான மலைப்பகுதிகளிலும் தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் செம்மீசையின் கை ஓங்கியிருக்கும். இலங்கையில் செங்குதச் சின்னான் உண்டு, செம்மீசை இயல்பாக இல்லை. குரலில் செம்மீசைக்கே என் ஓட்டு. அந்தக் குரலுக்காகவே தாய்லாந்தின் தெற்கில் அதைக் கூண்டில் வளர்த்துப் போட்டிக்கு விடுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

இரண்டுக்கும் பழம் என்றால் உயிர். வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரிக்கும் திறன் செங்குதச் சின்னானுக்கு, மனிதரைப் போலவே, இல்லை. தின்ற பழத்தின் விதை எச்சத்தோடு விழுந்து முளைக்கிறது. நம் காட்டுக்கு இது உதவி. ஆனால் மனிதர் செங்குதச் சின்னானைக் கொண்டுபோய் விட்ட பிஜி, சமோவா, டோங்கா தீவுகளில் களைச்செடிகள் பரவவும் இதுவே வழி. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் செங்குதச் சின்னானும் இருக்கிறது. ஹவாயின் ஓவாஹு தீவில் 1960களிலிருந்து இரண்டு சின்னான்களும் குடியேறிப் பெருகிவிட்டன. அங்கே ஆர்க்கிட் வளர்ப்போருக்குப் பூக்களைக் காப்பதே பெரும்பாடு.