ஒரு டீ கெண்டி சொல்லும் கணக்கு



பாண்டிச்சேரிப் பக்கம் போய் வந்தவங்க பார்த்திருப்பீங்க. கைவினைப் பொருள் கடைகளில் பச்சை, நீலம், பழுப்பு என்று பளபளக்கும் டீ கெண்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் கையால் செய்தவை. விலையைக் கேட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேலே சொல்வார்கள். "ஏக்கா, மண்ணுல செஞ்சதுக்கா இவ்வளவு?" என்று நாமும் நகர்ந்து விடுவோம்.

அந்த விலை எப்படி வருது என்று இந்த மாதம் பார்ப்போம். ஊறுகாய் போடுற குழுவுக்கும், கூடை பின்னுற குழுவுக்கும், தையல் குழுவுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

பாண்டிச்சேரிக்கு எப்படி வந்தது?

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களை வேலைக்குச் சேர்த்துத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். வெளியூர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்தார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட பலர் பாண்டிச்சேரியிலும் ஆரோவில் பக்கத்திலும் சொந்தப் பட்டறை வைத்தார்கள். அதில் பெண்களும் உண்டு. நம்ம பக்கத்தில் பல ஊர்களில் மண் பிசைவதும் காய வைப்பதும் பெண்கள் வேலை, சக்கரத்தில் உட்காருவது ஆண்கள் வேலை என்றே வழக்கம். இந்தப் பட்டறைகளில் பெண்களே சக்கரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள்.

எந்த மண்? எந்தப் பூச்சு?

நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடியை நினைச்சுப் பாருங்க. தண்ணீர் கசியாது, புளிப்பும் உப்பும் அதை அரிக்காது. டீ கெண்டியும் அந்த வகைதான். இதற்கு ஊர்க் குளத்துச் செம்மண் களி சரிப்படாது. அந்தச் சூளையின் சூட்டில் அது உப்பி, உருகி உட்கார்ந்து விடும். அதிகச் சூட்டைத் தாங்கும் களிமண்ணைத் தனியாகக் கலந்து எடுக்க வேண்டும்.

மேலே பளபளப்பது பெயின்ட் இல்லை. அது கண்ணாடிப் பூச்சு. மணல்கல் மாவு, சுண்ணாம்புக்கல் மாவு, களிமண் போன்றவற்றைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தை அதில் முக்கி எடுப்பார்கள். சூளைச் சூட்டில் அது உருகிக் கண்ணாடியாகப் படிந்து விடும்.

ஒரு கெண்டிக்கு எத்தனை வேலை?

ஒரு டம்ளர் செய்தால் ஒரு வேலையோடு முடிந்தது. கெண்டிக்கு உடம்பு, மூக்கு, மூடி, கைப்பிடி என்று நாலு பாகம். ஒவ்வொன்றையும் தனியாகச் செய்ய வேண்டும். தொட்டால் அமுங்காமல், ஆனால் ஈரம் இருக்கிற பதத்தில் எல்லாவற்றையும் எடுத்து, ஒட்டும் இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவிச் சேர்க்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியவை:

* மூக்கின் நுனி கெண்டியின் வாயை விடத் தாழ்ந்து இருக்கக் கூடாது. தாழ்ந்தால் நிரப்பும்போதே டீ மூக்கு வழியே வழியும்.
* மூக்கு ஒட்டும் இடத்தில் சிறு துளைகள் போட வேண்டும். அதுதான் டீத்தூளை நிறுத்தும்.
* மூடியில் ஒரு சிறு ஓட்டை வேண்டும். காற்று உள்ளே போனால்தான் டீ சீராக ஊற்றும்.
* மூடியையும் உடம்பையும் சேர்த்தே காய வைக்க வேண்டும். மண் காய்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். தனித்தனியாகச் சுருங்கினால் மூடி பொருந்தாது.

நிழலில் மெதுவாகக் காய விட வேண்டும். கைப்பிடி முந்திக் காய்ந்தால் ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் ஆவியாகி வெடித்து விடும்.

இரண்டு முறை சூளை

முதல் சூளை சுமார் 900 முதல் 1,000 டிகிரி. பிறகு பூச்சில் முக்க வேண்டும். அடிப்பாகத்திலும் மூடி உட்காரும் இடத்திலும் பூச்சைத் துடைத்து விட வேண்டும். மறந்தால் உருகி ஒட்டிக்கும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்கணும். இரண்டாவது சூளை 1,200 டிகிரிக்கு மேல். எரிந்து முடிந்தாலும் உடனே திறக்கக் கூடாது, தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு ஒரு பெண் 20 கெண்டி செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

மண் – 900 ரூபாய்
பூச்சு – 600
இரண்டு சூளைக்கும் எரிபொருள் – 3,000
வாடகை, மின்சாரம் – 500
சக்கரம், சூளைத் தேய்மானம் – 1,000
6 நாள் கூலி, நாளுக்கு 700 வீதம் – 4,200
மொத்தம் – 10,200 ரூபாய்

இருபதில் 3 விரிசல் விட்டுப் போச்சு. விற்கக் கூடியது 17. 10,200-ஐ 17-ஆல் வகுத்தால் ஒரு கெண்டியின் அடக்க விலை 600 ரூபாய்.

நம்மில் பலர் எப்படிப் போடுவோம்? "நான்தானே செய்றேன், எனக்கு எதுக்குக் கூலி?" என்று கூலியை விட்டு விடுவோம். உடைந்ததையும் விட்டு விடுவோம். 6,000-ஐ 20-ஆல் வகுத்து, அடக்கம் 300 என்போம். 400-க்கு விற்று, நூறு ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுவோம்.

உண்மையில் நடந்தது என்ன? 17 கெண்டி விற்றுக் கைக்கு வந்தது 6,800. செலவு 6,000. மிச்சம் 800. ஆறு நாள் உழைப்புக்கு நாளுக்கு 133 ரூபாய்தான்! லாபம் என்று நினைத்தது நம்ம கூலியில் ஒரு சின்னப் பங்குதான். மீதிக் கூலியை வாங்கினவங்களுக்கு இனாமாகக் கொடுத்து விட்டோம்.

கடைக்குக் கொடுக்கும்போது

கடைக்காரர் 1,200 ரூபாய்க்கு விற்று 40 சதவீதம் எடுத்தால் நமக்கு வருவது 720. பெட்டி, வைக்கோல் செலவு 40 போனால் 680. அடக்கம் 600 போக லாபம் 80. ஆயிரத்துக்கு மேல் விலை வருவது இப்படித்தான்.

கண்காட்சியில் நாமே விற்றாலும் கடை விலையை விடக் குறைக்கக் கூடாது. குறைத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார். விற்ற பிறகு பணம் என்று சரக்குக் கொடுத்தால் எத்தனை கொடுத்தோம், உடைந்தால் யார் பொறுப்பு, எப்போது பணம் வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

இரண்டு எச்சரிக்கை

ஈயம் கலந்த பூச்சு குறைந்த சூட்டிலேயே உருகும், அதனால் செலவும் குறையும். ஆனால் புளி, எலுமிச்சை பட்டால் ஈயம் உணவில் இறங்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். எனவே ஈயம் இல்லாத பூச்சு என்று கேட்டு வாங்க வேண்டும். பெயின்ட், வார்னிஷ் அடித்த மண்பாத்திரம் அழகுக்கு மட்டும்தான். அதில் டீ ஊற்றாதீங்க.

அடுத்தது தூசி. காய்ந்த மண்ணையும் பூச்சு மாவையும் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மாவு கலக்கும்போது தூசியைத் தடுக்கும் முகமூடி அவசியம்.

இந்தத் தொழிலில் ஆசை வந்தால் உடனே சூளைக்குக் கடன் எடுக்காதீங்க. முதலில் ஒரு பட்டறையில் போய்க் கற்றுக் கொள்ளுங்க. கை பழகவே பல மாதம் ஆகும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம பொருளின் அடக்க விலையில் நம்ம கூலி சேர்ந்திருக்கிறதா?
2. உடைந்தது, கெட்டது, விற்காதது எவ்வளவு என்று எழுதி வைக்கிறோமா?
3. கடைக் கழிவு போன பிறகு நமக்கு மிஞ்சுவது எவ்வளவு?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு பொருளுக்காவது கணக்குப் போட்டு எடுத்து வாங்க. நம்ம உழைப்புக்கு விலை உண்டு. அதை முதலில் நாம எழுதணும்.