எழுபது வளைவுக்கு மேலே ஒரு ஏ.பி.ஆர்.ஓ.

வல்வில் ஓரி விழாவை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அய்யோ, நிஜக் கூத்தே அங்கேதான்!

ஆடி 17, 18. கொல்லிமலை செம்மேட்டில் நாமக்கல் மாவட்ட நிர்வாகம் நடத்தும் விழா. ஒரு பக்கம் வில்வித்தைப் போட்டி, இன்னொரு பக்கம் மலர்க் கண்காட்சி, துறைவாரியாக அரங்குகள், பொழுது சாய்ந்தால் கலைநிகழ்ச்சி. இந்தக் களேபரத்தில் காதில் போன், கக்கத்தில் ஃபைல் என்று ஒரு இளசு ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் ஏ.பி.ஆர்.ஓ. செய்தி மக்கள் தொடர்புத் துறையின் உதவி அலுவலர். கோட்டு சூட்டு, ஏசி ஹால், காபி என்று கனவு கண்டு படித்த பிள்ளை! இப்போது காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிருபர்கள் வேனோடு ஏறி வந்திருக்கிறது. பாதி வளைவில் ஒருவருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழம் யார் பையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நிருபர்களை இப்படி அழைத்துப் போவதற்கு ஒரு பாட்டனார் உண்டு. 1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் கவிழ்ந்தபோது, ரயில் கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ விஷயத்தை மூடி மறைக்கவில்லை. தானே செய்தி எழுதிக் கொடுத்தார், நிருபர்களை இடத்துக்கே வரவழைத்தார். பத்திரிகைச் செய்திக் குறிப்பின் பிறப்பே அதுதான் என்பார்கள். அவருக்குக் கொண்டை ஊசி வளைவு இல்லை, கொடுத்துவைத்தவர்.

சரி, உள்ளே வாருங்கள். முதல் கண்டம், அழைப்பிதழ். அமைச்சர், எம்.பி., சேந்தமங்கலம் எம்.எல்.ஏ., ஆட்சியர் என்று பெயர்கள் வரிசை பிசகாமல் வர வேண்டும். ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் போதும், போன் அலற ஆரம்பிக்கும். நடுராத்திரி ப்ரூஃபில் இனிஷியலைக் கூட விரல் வைத்துப் படிப்பார்கள். வேலையில் முதல் வருஷம் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் இந்த விரலால்தான்.

அடுத்தது செய்தி வெளியீடு. அதற்கென்று ஒரு நடை இருக்கிறது: மாவட்டம், வட்டம், ஊர், பிறகு ஆட்சித்தலைவர் பெயர், இ.ஆ.ப., அவர்கள், அடைப்புக்குறிக்குள் தேதி, கடைசியில் ‘தொடங்கி வைத்தார்கள்’. மேடையில் இருந்த அத்தனை பேரும் வந்து முடிப்பதற்குள் அம்பு விட்ட பிள்ளை காணாமல் போய்விடும்! நிருபர் என்ன செய்வார்? நாலு வரியாக நறுக்கி உள்பக்கத்தில் போட்டுவிடுவார்.

இந்த இடத்தில் நமக்கு முந்தைய ஒரு மக்கள் தொடர்புக்காரரைச் சொல்லியே ஆக வேண்டும். வன்பரணர். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவனைப் பற்றி இவர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அம்பில்! யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டே போய், புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிற அம்பு. யார் இந்த வேடன் என்று நாம் வாயைப் பிளந்த பிறகுதான் ஓரியின் பெயரே வருகிறது. அதற்குமேல், பாடிப் புகழ்ந்தால் அவன் கூச்சப்படுகிறான்; கூசியபடியே இறைச்சியும் பொன்னும் கொடுக்கிறான். புகழ்ந்தால் வெட்கப்படுகிற வி.ஐ.பி.! எந்த பி.ஆர்.ஓ.வுக்கு அந்த யோகம்?

புத்திசாலியான புது ஏ.பி.ஆர்.ஓ. அலுவலக நடையில் கை வைக்க மாட்டார், வைத்தால் தொலைந்தார். வெளியீடு அதன் பாட்டுக்குப் போகும். கூடவே நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு படம், இரண்டு வரி: நாணை இழுத்தபடி, நாக்கைத் துருத்திக் குறி பார்க்கும் ஒரு சிறுமி. இந்தப் படம் கொடுக்கும் வித்தையில்தான் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் தொடங்கினார். கேமராவும் கையுமாக இருந்தவர், 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்து, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் வாங்கிவிட்டார்.

ஆனால் அவருக்கு சிக்னல் தொல்லை கிடையாது. இங்கே படம் ‘அனுப்பப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே நிற்கும். கீழே நாமக்கல்லிலோ சேலத்திலோ பக்கம் முடிக்கிற நேரம் நெருங்கும். நம்ம ஆள் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, துறையின் மின்னணு வீடியோ வாகனத்தையும் புகைப்படக் கண்காட்சியையும் தாண்டி, மேட்டில் ஏறுவார். பின்னால் கரகாட்ட மேளம். டிக் விழுந்துவிட்டது!

உடனே போன். “சார், படம் பிரமாதம், பெருசாப் போடுறோம். பொண்ணு பேரு, ஊரு?”

வெறும் கொல்லிமலை என்று சொல்லிவிட முடியாது. மலைக்காரர்கள் ஊரை நாடு நாடாகச் சொல்பவர்கள். மாற்றிப் போட்டால் காலையில் விடமாட்டார்கள். மேடையில் நன்றியுரை ஓடுகிறது. ஏ.பி.ஆர்.ஓ. வில்வித்தைத் திடலைப் பார்த்து ஓடுகிறார்: “அண்ணே, அண்ணே! அந்தப் பச்சை ரிப்பன் பாப்பா வளப்பூர் நாடா, சேலூர் நாடா?”