தொப்பை அனுப்பும் தபால்

காலில் ஆறாத புண்ணோடுதான் பலர் வருகிறார்கள். அட்டை கடித்ததும் றப்பர் மலையில் குச்சி குத்தியதும் மரத்துப்போன காலுக்குத் தெரிவதில்லை. சுண்ணாம்பு தடவி, மஞ்சள் பற்றுப் போட்டு, சுடுதண்ணியில் காலை வைத்துத் தோலையும் வேகவைத்து, விரல் கறுத்த பிறகே பலாங்கொடைக்கோ கரவனெல்லைக்கோ பஸ் ஏறுகிறார்கள். சீனி வருத்தம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

2005–06இல் நடந்த பெரிய ஆய்வில், 20 வயதைத் தாண்டிய இலங்கையரில் 10.3 வீதமானோருக்கு இந்த வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதுவரை அதை அறியாதவர்கள். 2018–19 ஆய்வில் அந்த அளவு 23 வீதம். கணக்கிட்ட முறை ஒன்றல்ல என்றாலும், ஏறுமுகம் என்பதில் ஐயமில்லை.

‘மலை ஏறுகிறவருக்கு வராது’

தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெரட்டு தொடங்கிக் கொழுந்து நிறுக்கும் வரை கால் ஓயாதவருக்குச் சீனி எப்படி வரும் என்கிறார்கள். உழைப்பு காக்கும், உண்மைதான். ஆனால் வேலையை விட்டு லயத்தில் உட்கார்ந்ததும் உழைப்பு நின்றுவிடுகிறது. கோதுமை மா ரொட்டியின் கணக்கும் தேத்தண்ணிச் சீனியின் கணக்கும் குறைவதில்லை.

ஒல்லியான கை கால்களும் காப்பாற்றாது. நம்மவர்களில் ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணினது 80ஐயும் எட்டினாலே ஆபத்து. தோட்டப்புறத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2016 கணக்கெடுப்பில் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; நாட்டுச் சராசரி 17. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு, பிறகு வரும் கொழுப்பைத் தாங்காது என்று ஹேல்ஸும் பாக்கரும் 1992லேயே எழுதினார்கள்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

வயிற்றுக் கொழுப்பு இரத்தத்தின் வழியே ஓயாமல் தபால் போட்டுக்கொண்டிருக்கிறது. உறை, எக்ஸோசோம் எனும் நுண்பை: மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே இருப்பவற்றில் முக்கியமானவை மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகள். போய்ச் சேரும் இடத்தில் எந்த மரபணு அடங்கியிருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.யை 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸும், அது வேலைசெய்யும் விதத்தை விளக்கிய கேரி ரவ்கனும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2017இல் ஜெரால்ட் ஒலெஃப்ஸ்கியின் குழு கலிபோர்னியாவில் ஓர் எளிய சோதனை செய்தது. கொழுத்த எலியின் கொழுப்புத் திசுவில் இருக்கும் காவல் அணுக்கள் விட்ட எக்ஸோசோம்களை ஒல்லியான எலிக்கு ஏற்றினார்கள். அந்த ஒல்லி எலியின் உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுத்தது. ஒல்லி எலியினுடையதைக் கொழுத்த எலிக்கு ஏற்றியபோது நிலைமை சீரானது. மனிதரிலும் தடயம் உண்டு: எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில், கொழுப்பணுக்கள் விட்ட எக்ஸோசோம்களுக்குள் இருந்த சரக்கு மாறியிருந்தது.

கருப்பட்டியும் கஷாயமும்

“சீனியை விட்டுட்டேன் டொக்டர், கித்துள் கருப்பட்டிதான் கடிச்சுக்கிறேன்.” கேகாலைப் பக்கம் இதைக் கேட்காத கிளினிக் நாள் இல்லை. கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிதான். நிறம் மாறியதால் கணையம் ஏமாறாது.

அடுத்தது கொத்தல ஹிம்புட்டு மரக்குவளை. இரவு தண்ணீர் ஊற்றி விடியலில் குடிப்பது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது: 51 நோயாளிகளை வைத்து இலங்கையில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், கொத்தல ஹிம்புட்டு சேர்த்த தேநீர் மூன்று மாதச் சராசரிச் சீனியைச் சிறிது குறைத்தது. ஆனால் அவர்கள் வைத்தியர் கண்காணிப்பில் இருந்தவர்கள். இங்கேயோ மாத்திரையைத் தகரப் பேணியில் போட்டுவிட்டுக் குவளையை மட்டும் நம்புகிறார்கள். சிலர் மாத்திரையோடு பாகற்காய்ச் சாறு, தெபு இலை எல்லாம் சேர்த்து, சீனி திடீரென இறங்கி மயங்கி விழுகிறார்கள்.

பக்கத்துக் காம்பிரா அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்கி விழுங்குவது அதைவிட மோசம். மெட்போமின் கிட்னியைத் தின்றுவிடும் என்று பயந்து நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று: கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சீனி.

பரிசோதனை

எக்ஸோசோமைப் படித்து வருத்தத்தை முன்கூட்டியே சொல்லும் சோதனை இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டவில்லை. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெறும் வயிற்று இரத்தச் சீனி போதும்: 100க்குக் கீழே நல்லது, 126ஐ இருமுறை தொட்டால் நோய்.

ஒரு பேர் போனாலும்

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது நியாயமான கவலை. காலை இழந்தால் எத்தனை பேர் போகும்? 35 வயது தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் சோதனை இலவசம். இரவு ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டுங்கள். படுக்கப் போகும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பில்லாமல் மலைக்குப் போகாதீர்கள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி ஏறிய தங்கச்சிமாரே, பிரசவத்தோடு அது போய்விட்டதென்று இருந்துவிடாமல், பிள்ளைக்கு ஊசி போட வரும் நாளிலாவது உங்கள் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.