தீர்க்கதரிசியா, இறைவாக்கினரா?

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த ஊர் நாகலூர். காப்பியும் மிளகும் விளையும் அம்மலையூரில் நம் துறையின் முன்னாள் மாணவர் ஒருவரின் இல்லம் உள்ளது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இரு வாரங்கள் இருந்த ஒரு டிசம்பர் இரவில் அங்குத் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மாணவரின் தந்தையார் தோட்டத் தொழிலாளியாய் இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். அவருடைய மருமகளோ தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே அவ்வீட்டு அலமாரியில் வேதநூல்கள் இரண்டு இருந்தன. மருமகள் கொண்டுவந்தது பழைய பரிசுத்த வேதாகமம். பெரியவர் படிப்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம்.

இரவு உணவுக்குப் பின் கணப்பருகே அமர்ந்து பெரியவர் எசாயாவின் நூலை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் என்னை நோக்கி, “ஐயா, எசாயா, எரேமியா இவங்கல்லாம் உங்க வேதத்துல இருக்காங்களா?” என்று கேட்டார். மூஸா, தாவூத், யூனுஸ் ஆகியோர் உண்டென்று உடனே சொன்னேன். எசாயாவைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சீறாப்புராணத்தில் ஆய்வு செய்து ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவன் நான். நபிமார் வரலாற்றைக் காப்பியமாகக் கற்றிருந்தும், அண்டை வீட்டார் நாள்தோறும் ஓதும் பெயர்களை அறியாதிருந்தமை எனக்கு நாணத்தைத் தந்தது. பின்னர்த் தேடிக் கற்றவற்றுள் சிலவே இக்கட்டுரை.

முதற்கண் ‘பெரிய’ என்னும் அடைமொழியைத் தெளிதல் வேண்டும். எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய நால்வரைப் பெரியவர் என்றும், ஓசேயா முதல் மலாக்கி ஈறாகப் பன்னிருவரைச் சிறியவர் என்றும் கிறித்தவர் வகுப்பர். இது தகுதி பற்றிய வகுப்பன்று. ஏட்டின் அளவு பற்றியது. எசாயாவின் நூல் 66 அதிகாரங்கள் கொண்டது. எரேமியா 52, எசேக்கியேல் 48. பன்னிருவர் நூல்களோ ஒரே சுருளில் அடங்கின. நம் பதினெண் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்னும் பாகுபாட்டை மாணவர் நினைவிற்கொள்க. அடி குறைந்தமையால் கீழ்க்கணக்கில் வைக்கப்பட்ட திருக்குறள் சிறப்பிற் குறைந்தது என்பார் யார்? தானியேல் நூல் 12 அதிகாரங்களே கொண்டது. யூதர் அதனை இறைவாக்கினர் வரிசையிற் சேர்ப்பதுமில்லை, ‘எழுத்துகள்’ என்னும் மூன்றாம் பகுதியில் வைப்பர். கிரேக்க மொழிபெயர்ப்பின் மரபைப் பின்பற்றிய கிறித்தவரே அதனை நான்காவதாக அமைத்தனர்.

அவ்வீட்டின் இரு நூல்களையும் அருகருகே விரித்தபோது என் கண்ணில் முதலிற் பட்டது ஒரு சொல் வேறுபாடு. ஹென்றி பவரின் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய நூல், இவர்களைத் ‘தீர்க்கதரிசிகள்’ என்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடிச் செய்த புதிய மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்கிறது. தீர்க்கம் என்பது நெடுமை; தரிசி என்பான் காண்பவன். வருவதை நெடுந்தொலைவிலிருந்தே காண்பவன் என்பது அச்சொல்லின் பொருள். இறைவாக்கினரோ இறைவன் உரைத்ததை மக்கள்முன் உரைப்பவர். ஒன்று கண்ணைச் சார்ந்தது. மற்றது வாயைச் சார்ந்தது.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘நாபி’. நம் ‘நபி’ என்பதற்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை. எபிரேயமும் அரபும் ஒரே மொழிக்குடும்பத்தின. நபி என்பதைச் ‘செய்தி’ எனப் பொருள்படும் ‘நபஃ’ என்னும் சொல்லோடு இணைத்து அரபு இலக்கணிகள் விளக்குவர். கிரேக்கத்தார் ஆண்ட சொல்லும் ஒருவர் சார்பில் எடுத்துரைப்பவரையே குறிக்கும். இவ்வாற்றான் நோக்கின் ‘இறைவாக்கினர்’ என்பதே மூலத்திற்கு நெருக்கமானது. ஆயினும் தீர்க்கதரிசியை முற்றும் தள்ளிவிடுதல் கூடாது. இந்நாளில் நாபி எனப்படுபவர் முற்காலத்தில் ‘காண்பவர்’ எனப்பட்டார் என்று சாமுவேலின் முதல் நூல் ஒன்பதாம் அதிகாரமே குறிப்புத் தருகிறது. பழஞ்சொல்லை ஆண்டவர்கள் அறியாது ஆண்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

கிறித்தவச் சிந்தனையில் இவ்விரு பொருளும் தொடக்கமுதல் உடன்வருகின்றன. காண்பவர் என்னும் பொருளே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. இயேசுவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு யாவும் முன்னரே இவர்களாற் காணப்பட்டன என்று நற்செய்தியாளர் காட்டினர். எசாயா ஏழாம் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. குழந்தையைப் பெறவிருப்பவளை எபிரேய மூலம் ‘அல்மா’ என்கிறது. அது இளம்பெண்ணைக் குறிக்கும் சொல். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைக் கன்னி எனப் பெயர்த்தனர். மத்தேயு கிரேக்க வழக்கையே எடுத்தாண்டு மரியாளின் கன்னிமைக்குச் சான்றாக்கினார். இதன் சுவடு நாகலூர் வீட்டு அலமாரியிலும் இருந்தது. எசாயாவில் பழைய நூல் ‘கன்னிகை’ என்கிறது. புதிய நூல் ‘இளம்பெண்’ என்கிறது. அதே புதிய நூல், மத்தேயுவில் மட்டும் ‘கன்னி’ என்றே பெயர்த்திருக்கிறது. மூலத்திற்கு மூலம் உண்மையாய் நின்ற இந்நேர்மையை மொழிபெயர்ப்புப் பயில்வோர் போற்றுதல் வேண்டும். மர்யம் (அலை) அவர்களின் கன்னிமையை நம் திருமறையும் உறுதி செய்கிறது. நமக்கு அது எசாயாவின் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்பதன்று.

துன்புறும் ஊழியனைப் பாடும் 53-ஆம் அதிகாரமும் அத்தகையதே. அவ்வூழியன் இஸ்ரவேல் மக்களே என யூதர் பலர் கொள்ள, இயேசுவே எனக் கிறித்தவர் கொள்வர். எசாயா வாழ்ந்தது கி.மு. எட்டாம் நூற்றாண்டு. 40-ஆம் அதிகாரம் முதலானவை கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பாபிலோனியச் சிறைவாசக் காலத்தும் அதன் பின்னும் எழுந்தவை என்பது இக்கால ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு. 1947-இல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகையிற் கிடைத்த எசாயாச் சுருள், கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது.

உரைப்பவர் என்னும் பொருளுக்கு வருவோம். அதே எசாயா தம் முதல் அதிகாரத்தில், பலிகளைக் கண்டு இறைவன் சலித்துவிட்டான் என்கிறார். கையில் குருதிக் கறையோடு வேண்டுதல் செய்யாதீர். அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி வழங்குவீர் என்கிறார். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போவோரை ஐந்தாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். பிறர் நிலத்தில் வாழ்நாளெல்லாம் காப்பிப்பழம் பறித்த அப்பெரியவர் இவ்விடத்தைப் படித்தபோது குரல் சற்றே நிமிர்ந்ததை நான் கவனித்தேன். இயேசு நாசரேத்தூர்த் தொழுகைக்கூடத்தில் எடுத்துப் படித்ததும், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லும் எசாயாவின் பகுதியையே என்று லூக்கா எழுதுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் வழிபாடு தாய்மொழிக்கு மாறியது; ஞாயிறு வாசகங்களில் பழைய ஏற்பாட்டிற்கும் நிலையான இடம் கிட்டியது. மலைத்தோட்டத்து எளியவர் எசாயாவைத் தமிழிற் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு பெருகியது.

எரேமியா அரசரோடு மோதியவர். யோயாக்கீம் மன்னன் குளிர்கால மாளிகையில் கணப்பருகே வீற்றிருந்தான். எரேமியா சொல்லப் பாரூக்கு எழுதிய சுருள் அவன்முன் படிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் படிக்கப்படுந்தோறும் அவன் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா மீண்டும் முழுவதையும் சொல்லி எழுதுவித்தார், முன்னில்லாதனவும் சேர்த்தார். பிறகு அவர் சேற்றுக்குழியில் இறக்கப்பட்டதும், எத்தியோப்பியர் ஒருவர் அவரைத் தூக்கிவிட்டதும், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் வீழ்ந்ததும் நீண்ட வரலாறு. கிறித்தவத்திற்கு அவர் அளித்த பெருங்கொடை ஒரு சொற்றொடர்: கல்லில் எழுதப்படாது உள்ளத்தில் எழுதப்படும் ‘புதிய உடன்படிக்கை’. இயேசு இறுதி இரவு உணவில் அதனைக் குறிப்பிட்டதாக லூக்கா எழுதுகிறார். ‘புதிய ஏற்பாடு’ என்னும் நூற்பெயரே அதிலிருந்து பிறந்ததுதான்.

எசேக்கியேல் பாபிலோனில் நாடிழந்தோர் நடுவே பேசியவர். உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் அவரது காட்சி, உயிர்ப்பின் குறியாகக் கிறித்தவரால் கொள்ளப்பட்டது. அவர் கண்ட நான்முக உயிர்களே திருவெளிப்பாட்டின் வழியே மனிதன், சிங்கம், காளை, கழுகு என நான்கு நற்செய்தியாளரின் சின்னங்களாயின. தானியேல் நூலோ அரமேயம் விரவியது. இன்றைய வடிவம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பர். அதன் ஏழாம் அதிகாரத்தில் மேகங்களோடு வரும் ‘மானிட மகன்’ என்னும் பெயராலேயே நற்செய்திகளில் இயேசு தம்மைச் சுட்டுகிறார்.

வேறுபாட்டையும் மறைத்தல் தகாது. இவர்கள் அனைவரும் இறைமகனைச் சுட்டி நிற்கும் கைகாட்டிகள் என்பது கிறித்தவர் நம்பிக்கை. ஈஸா (அலை) அவர்களும் ஒரு நபியே, நபித்துவம் முஹம்மது (ஸல்) அவர்களோடு நிறைவுற்றது என்பது நம் நம்பிக்கை. தாம் பிறந்த நாளையே எரேமியா சபித்துக்கொண்டதாக அந்நூல் கூறுகிறது. நபிமாரைப் பற்றி நாம் அவ்வாறு பேசத் துணியோம். இவற்றை அறிந்தே ஒருவரோடொருவர் பேசுதல் நன்று.

அடுத்த ஆண்டு நாகலூருக்குச் சென்றபோது பெரியவருக்கு விடை கொண்டுபோனேன். குர்ஆனில் பெயர் கூறப்பட்ட நபிமார் இருபத்தைவர். அவர்களுள் எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் என்னும் பெயர்கள் இல்லை. பன்னிரு சிறியவருள் யோனா மட்டும் யூனுஸ் நபியாக இருக்கிறார். ஆயினும் பெயர் கூறப்படாத தூதர்களும் உண்டென்று திருமறையே சொல்கிறது. தபரீ முதலியோர் எழுதிய வரலாறுகளில் எசாயா ஷஃயாவாகவும் எரேமியா இர்மியாவாகவும் வருகின்றனர். துல்கிஃப்லு நபி எசேக்கியேலே எனக் கருதுவோர் உளர். இராக்கின் அல்கிஃப்ல் என்னும் ஊரில் அவர் பெயரால் அடக்கத்தலம் இருக்கிறது. தானியேலின் பெயரால் ஈரானின் ஷூஷ் நகரில் இருக்கும் தலத்திற்கு முஸ்லிம்களே சென்று வருகின்றனர்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். ஷஃயா என்னும் பெயரை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின் மருமகளை அழைத்து, இரண்டு நூல்களையும் எடுத்துவரச் சொன்னார்.